தட்டைத் தள்ளிவிட்ட நாலு நாள்

போன கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட எங்க வீட்டுக்காரர் நாலு நாள் சாப்பிடாம இருந்தார். என் சோத்து மேல கோபம். அந்த நாலு நாள்ல கர்த்தர் என்ன செஞ்சார்னு உங்களுக்கெல்லாம் சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. எனக்கே இன்னும் முழுசா விளங்கல. விளங்கின மட்டும் எழுதுறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்போட நின்னவ. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

ஆனா சமையல்ல என்னை யாரும் குறை சொன்னதில்ல. அதைப் பெருமையாவே சொல்றேன். எங்க மலையில பிரிஞ்சாங் ஊர்லேர்ந்து தானா ராத்தா ஊர் வரைக்கும் நம்ம சபையில எந்தக் கல்யாணம்னாலும் நெய்ச்சோத்து அண்டா பக்கத்துல இந்த ராஜாத்திதான் நிப்பா.

எங்க வீட்டுக்காரர் தேயிலை பேக்டரியில வேலை பார்த்தவர். விடியுமுன்னே பனியில கிளம்பணும். மலைக் குளிருக்கு உடம்புல கொழுப்பு நிக்கணும்னு என் மாமியார் சொல்லிக் கொடுத்தாங்க. அதனால ஆட்டுக்கொழுப்பை உருக்கிச் சோத்துல ஊத்துவேன். ரொட்டியில மார்ஜரினை விரல் தடிப்புக்குத் தடவுவேன். கறின்னா கெட்டித் தேங்காய்ப்பால்தான். வேலையை விட்டு நின்ன பிறகும் அதே சாப்பாடுதான். தட்டை வழிச்சுச் சாப்பிடுவார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால மறதி வந்துச்சு. முதல்ல மூக்குக்கண்ணாடியை மறந்தார். அப்புறம் கோயிலுக்குப் போற வழியை மறந்தார். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மூளைக்கு நெய் நல்லதுன்னு இன்னொரு கரண்டி சேர்த்து ஊத்தினேன். சாப்பிட்டுக் கைகழுவின கொஞ்ச நேரத்துல, இன்னும் சோறு போடலையான்னு கேப்பார். சாப்பிட்டதையே மறந்துட்டார்னு எனக்குப் புத்தியில ஏறல. பசி எடுக்குது, உடம்பு தேறி வருதுன்னு சந்தோஷப்பட்டு மறுபடியும் போட்டேன். இந்தக் கையாலதான் போட்டேன்.

எங்க மக கிரேஸ் எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி. அவ வீட்டுலதான் நாங்க இருக்கோம். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் அவதான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. மலாய்க்கார டாக்டரம்மா, பொறுமையா பேசினாங்க. அல்சைமர்னு சொன்னாங்க. என்ன சாப்பிடுறார்னு கேட்டாங்க. நான் ஒண்ணு விடாம பெருமையா அடுக்கினேன். எழுதிக்கிட்டிருந்த அவங்க கை நின்னுடுச்சு.

"நான்தான் கெடுத்தேனான்னு கேளுடி"ன்னு கிரேஸ்கிட்ட சொன்னேன். அவ கேட்டா. இத்தனை வருஷம் இவ்வளவு கொழுப்பு சாப்பிட்டா ரத்தக்குழாய் கெடும், மூளையும் கெடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆனா வயசு இருக்கு, குடும்ப வழி இருக்கு, அவருக்குச் சர்க்கரை வியாதியும் இருக்கு, இன்னதாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. இனிமே எண்ணெய், கொழுப்பைக் குறைக்கணும்னு மட்டும் உறுதியா சொன்னாங்க.

திரும்பி வரும்போது எனக்கு ஒரே யோசனை. என் மாமனாரும் இதைத்தானே சாப்பிட்டார்? அவர் சாகுற வரைக்கும் லயத்து வீடுங்கள்ல உள்ள பிள்ளைங்க பேரெல்லாம் சொல்வாரே. அப்ப இது என்ன கணக்கு?

மறுநாளே கொழுப்பை நிறுத்தினேன். அவர் ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். அப்புறம் வெறும் தேத்தண்ணிதான். மூணாம் நாள் சட்டை தோள்ல நிக்காம தொங்குச்சு. சுவத்தைப் பிடிச்சுத்தான் எழுந்தார். கிரேஸ் அழுதுட்டா. "கொஞ்சம் நெய் ஊத்திக் கொடுத்துடுங்கம்மா. பட்டினிக்கு அது தேவலாம்லா"ன்னா. கொடுத்தா கெடுக்கிறேன், கொடுக்காட்டி பட்டினி போடுறேன். எது சரின்னே தெரியல.

இதுல இன்னொரு பாவமும் செஞ்சேன். சபைப் பொம்பளைங்க கேட்டப்ப அவருக்கு வயித்துப் புண்ணுன்னு பொய் சொன்னேன். ராஜாத்தி சமையல்தான் புருஷனைக் கெடுத்துச்சுன்னு பேசிடுவாங்களோன்னு பயம்.

நாலாம் நாள் சாயங்காலம் அடுப்படியிலேயே முட்டி போட்டேன். ஆண்டவரே, என் கை கெடுத்துச்சா இல்லையான்னு சொல்லும், சொல்லாட்டியும் போகட்டும், அவரைச் சாப்பிட வையும்னு கேட்டேன். அப்புறம் நம்ம சபை ஞானம் அக்காவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். அவங்க இன்னும் மூணு பேரோட உடனே வந்துட்டாங்க. "உன் நெய்ச்சோத்தைத் தின்னுட்டு நாங்க மட்டும் தப்பிச்சிடுவோமாக்கும்? வா, எல்லாருக்கும் சேர்த்தே ஜெபம் பண்ணுவோம்"னாங்க. அழுகைக்கு நடுவுல சிரிச்சேன்.

மறுநாள் மத்தியானம் அவிச்ச மீன், கீரை, இஞ்சி போட்ட ரசம் வச்சேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். தட்டு காலியாகுற வரைக்கும் நான் மூச்சு விடல. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீங்க புதுசா சமைக்க வந்தவங்களா?"

தண்ணி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வச்சேன்.

"நல்லாருக்கு. வயித்துக்கு லேசா இருக்கு. எங்க ராஜாத்திகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனசு நொந்துடுவா."

சொல்ல மாட்டேன்னேன். தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டேன்.

பழைய ருசியை மறந்ததாலதான் புதுச் சாப்பாடு இறங்குச்சு. நான் மறதி போகணும்னு ரெண்டு வருஷமா கேட்டேன். கர்த்தர் அந்த மறதி வழியாவே சோறு ஊட்டினார். இதைப் பதில்னு எடுத்துக்கிறதா, வேண்டாமா? ரெண்டு நாள் கர்த்தரோட சண்டை போட்டேன். அப்புறம்தான் மனசுல ஒண்ணு பட்டுச்சு. என் முகத்தை மறந்துட்டார். ஆனா ராஜாத்தி மனசு நோகக் கூடாதுன்னு இன்னும் நினைக்கிறார். எல்லாம் உதிர்ந்துபோற தலைக்குள்ள அந்த ஒண்ணை யார் காவல் காக்குறா? நான் இல்ல. டாக்டரம்மாவும் இல்ல.

இப்ப தினமும் சாப்பிடுறார். சர்க்கரை இறங்கியிருக்கு. கோல் ஊனித் தேயிலைக் காட்டு ஓரம் வரைக்கும் நடக்கிறார். மறதி போகல. சில நாள் நான் பொண்டாட்டி, சில நாள் சமையல்காரி. சபை விருந்துலயும் நெய்யைக் குறைச்சுட்டேன். முணுமுணுக்கிறவங்க முணுமுணுக்கட்டும்.

என் கைதான் கெடுத்துச்சான்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. பரலோகத்துல போய்க் கேட்டுக்கிறேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணும் புரியாம நிக்கிறவங்க இருந்தா, என்னை மாதிரி ஒளிச்சு வைக்காதீங்க. சபைக்குச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட போங்க, ஆண்டவர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க. நீங்க நினைச்ச மாதிரி அவர் கொடுக்காம இருக்கலாம். கொடுக்கிறதை வாங்கிக்குங்க. நானும் அப்படித்தான் வாங்கிக்கிட்டேன், அந்தக் காலித் தட்டை.