வால் பகுதியில் ஒரு பிழை

என் மனைவியின் கையில் பலம் குறைவது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவளோடு கொழுந்து எடுத்த பெண்களுக்குத் தெரிந்திருந்தது. ஏலப்பாறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இப்போது கையால் கிள்ளுவது குறைவு. பை கட்டிய கத்தரியால் வெட்டித்தான் எடுக்கிறார்கள். அந்தக் கத்தரியை அவளால் முழுதாக மூட முடியவில்லை. பக்கத்து நிரைப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கைப்பிடி கொழுந்தை அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். நிறுக்கும் இடத்தில் அவள் எடை மற்றவர்களைப் போலவே இருக்கும். எங்கள் தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் காய்ச்சல்காரிகளுக்கும் அப்படிச் செய்வது வழக்கம். சூப்பர்வைசர் பார்த்தும் பாராமல் இருப்பார். அந்த வழக்கத்தால் ஒரு மழைக்காலம் முழுவதும் நோய் மறைந்தே இருந்தது.

"ஏட்டி, எண்ணெய் கத்தரிக்குப் போடணுமா, ஒன் கைக்குப் போடணுமா?" என்று அவளைக் கேலி செய்வார்களாம்.

"ரெண்டுக்கும் போடுங்கடி. அப்படியே என் வீட்டுக்காரரு வாய்க்கும் கொஞ்சம் போடுங்க. அவரு வாய் தொறந்து நாளாச்சு" என்பாளாம். நான் அதிகம் பேசாதவன். எனக்கும் சேர்த்து வைத்த மாதிரி அவளுக்குப் பேச்சு. அந்தப் பேச்சும் குழறத் தொடங்கியபோதுதான் கோட்டயத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே பார்த்த டாக்டர் இளம்வயதுப் பெண். என் மனைவியின் வலது கையைத் திருப்பி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்கும் சதையை அழுத்தினார். அங்கே சதை இல்லை, குழிதான் இருந்தது. குழியின் ஓரத்தில் தோலுக்கு அடியில் ஏதோ துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கிலும் அதே துடிப்பு. தசையை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துவருகின்றன என்றார். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்த முடியாது.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா?"

என் மனைவி தலையை ஆட்டி இல்லை என்றாள். அவள் அம்மா வழுக்கி விழுந்து படுக்கையில் கிடந்து இறந்ததாகத்தான் எனக்கும் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் டாக்டர் ரத்தம் எடுத்து மரபணு பார்க்க அனுப்பினார்.

முடிவு வந்த அன்று என்னை மட்டும் உட்காரவைத்து மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்து, எதுவரை படித்தேன் என்று கேட்டார். நாலாம் வகுப்பு என்றேன். மேஜையிலிருந்த வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து நீளமாக மேஜையில் ஒட்டினார். செல்லுக்குள் இருக்கும் மரபணுவை உடம்பு நேராக வேலைக்கு எடுப்பதில்லை, முதலில் ஒரு நகல் எடுக்கிறது, அதற்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். அந்த நகலில் வேண்டியதும் வேண்டாததும் கலந்திருக்கும். பிளாஸ்திரியின் நடுவில் இரண்டு துண்டுகளைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்து ஒட்டிக் காட்டினார். இப்படி வெட்டி ஒட்டிய பிறகுதான் அதைப் பார்த்துப் புரதம் செய்யப்படும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெட்டுவதும் இல்லை. ஒரே நகலை மூளையில் ஒரு விதமாகவும் தசையில் இன்னொரு விதமாகவும் வெட்டி வேறு வேறு புரதங்களை உண்டாக்கிக்கொள்கிறது உடம்பு.

இந்த வெட்டும் வேலைக்குக் காவல் இருக்கும் புரதங்களில் ஒன்றில்தான் என் மனைவிக்குப் பிழை. புரதம் என்றால் மடிந்து மடிந்து ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். இதற்கு மட்டும் வால் போல ஒரு பகுதி எந்த வடிவத்துக்கும் வராமல் தொளதொளவென்று கிடக்கும். அது குறையில்லை என்றார் டாக்டர். அப்படிக் கிடப்பதால்தான் தேவைப்படும்போது பலதோடு சேர்ந்து துளியாகத் திரளவும், வேலை முடிந்ததும் கலைந்து போகவும் அதனால் முடிகிறது. அந்த வாலில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் திரண்டது கலையாமல் கட்டியாகிவிடுகிறது. கட்டியானது செல்லின் நடுவிலிருந்து வெளியே போய் நின்றுவிடுகிறது. உள்ளே காவல் இல்லை. வெட்டி எறிய வேண்டிய துண்டுகள் நகலிலேயே தங்கிவிடுகின்றன. அந்த நகலை வைத்து நரம்பால் பிழைக்க முடியாது.

"மனசிலாயோ சேட்டா?"

புரிந்தது. வடிவமில்லாத ஒன்றை நம்பித்தான் கை அசைகிறது, நாக்கு அசைகிறது. பனியில் நின்றதாலா, மருந்து அடித்த செடியில் கை வைத்ததாலா என்று கேட்டேன். எதுவும் காரணமில்லை, பிறப்பிலேயே வந்தது என்றார். அப்புறம் சொன்னதுதான் என்னை எழவிடவில்லை. பெற்றவர்களில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் மகளுக்கு அப்படி. என் மனைவியின் அண்ணனுக்கும் அப்படித்தான். அண்ணனுக்கு இருந்தால் அவர் மகனுக்கும். விருப்பமுள்ளவர்கள் ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார்.

என் மகளுக்கும் அந்த அண்ணன் மகனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். தாய்மாமன் மகன், பிறந்த அன்றே பேசிய முறை. தை மாதம் நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. தன் நாக்கு முழுதாக நிற்பதற்குள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் மனைவி கேட்டது. இரண்டு பக்கமும் இந்தப் பிழை இருந்தால் பிறக்கும் பிள்ளைகள் என்ன ஆகும் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை.

குட்டிக்கானம் போய் பஸ் மாறி குமுளிக்குப் போனேன். மச்சான் அங்கே ஏலக்காய்க் கடையில் தரம் பிரிப்பவர். வழியெல்லாம் முதல் வார்த்தையை யோசித்துக்கொண்டே போனேன். கடைக்குள் ஏலக்காய் நெடி மூக்கை அடைத்தது. மச்சான் தரையில் உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள! அழைக்காத வீட்டுக்கு மந்திரி வந்த மாதிரி இருக்கு. என்ன, நாள் குறிச்சாச்சா?"

"இல்ல மச்சான்…"

"அதுக்கு மேல வராதே ஒங்களுக்கு! தங்கச்சி ஒங்க கூட எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ" என்று சிரித்தார். அவர் இடது கையால் பொறுக்குவதை அப்போதுதான் கவனித்தேன். வலது கை மடியில் கிடந்தது. பெருவிரலுக்குப் பக்கத்தில் குழி. குழியின் ஓரம் துடித்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. கடைப்பையனை டீ வாங்க அனுப்பினார்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு" என்றார்.

"விழுந்து கிடந்தாங்கன்னுதானே சொன்னீங்க?"

"வம்சத்துல சீக்குன்னு சொன்னா அன்னைக்கு நீங்க எங்க வீட்டுல பொண்ணு எடுத்திருப்பீங்களா? தங்கச்சியைக் கட்டிக்குடுக்கணும்னு நாங்கதான் மறைச்சோம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. ரெண்டு பேரும் பேசி வச்சதுதான்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "பயலுக்கு எதுவும் சொல்லல. நாளைக்கு நான் படுத்துட்டா வெளியேருந்து வந்த மருமக வாயில கஞ்சி ஊத்துவாளா மாப்ள? ஒங்க பொண்ணுன்னா முகம் சுளிக்க மாட்டா. நம்ம ரத்தம்."

"நம்ம ரத்தம்னுதான் மச்சான் எனக்குப் பயமா இருக்கு."

டாக்டர் சொன்ன பாதிக்குப் பாதியைக் குழறிக் குழறிச் சொன்னேன். டீ வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கிளம்பும்போது, "பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க மாப்ள. கல்யாணம் முடியட்டும்" என்றார்.

என் மகள் வாகமண் சாலையில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேயிலை விற்கும் கடையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீட்டில் அவள் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியை வைத்துக்கொண்டே சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கண்ணாலேயே என்னை அடித்தாள். பேச்சு அதற்குள் போய்விட்டிருந்தது, தொண்டையிலிருந்து ஏதோ சத்தம்தான் வந்தது. அதைப் புரிந்துகொள்ள மகள் ஒருத்தியால்தான் முடியும்.

"அம்மா ஒங்களப் பேசாதீங்கன்னு சொல்லுது" என்றாள் மகள்.

"தெரியுது பாப்பா."

"எனக்கும் இருக்குமாப்பா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். ரத்தம் குடுத்தாத் தெரியும். ஒனக்கு வேணும்னா."

அவள் கிண்ணத்தில் கஞ்சியைக் கலக்கினாள். "அத்தான்கிட்ட நானே சொல்றேன். கல்யாணம் வேண்டாம்ப்பா. மாமா படுத்தா நான் போய்ப் பாத்துக்கிறேன். அதுக்குத் தாலி எதுக்கு?"

"ரத்தம்?"

"இப்ப வேண்டாம். இந்த வீட்டுல ஒருத்தர் நோயாளியா இருந்தாப் போதும்."

அவள் மறுநாளே குமுளிக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். பையன் அழுதானாம். மச்சான் அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பேசி முடித்து மகள் கரண்டியை நீட்டியபோது என் மனைவி உதட்டை இறுக்கிக்கொண்டாள். உடம்பில் அவள் சொன்னபடி கேட்கும் தசைகள் குறைந்துவிட்டன. மிச்சமிருந்ததை எல்லாம் அந்த உதட்டுக்குக் கொடுத்திருந்தாள். மகள் வெளியே போய் வாசலில் நின்றாள். நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன். என்னிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி ஆறிப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தேன்.