பெட்டிக்குள் இருக்கும் முத்து

முத்தையாபுரம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: டவுனில் இறங்குவதற்குள் திரையில் ஒரு முத்து சுழல வேண்டுமாம். கப்பல் கம்பெனியில் அதைக் காட்டினால்தான் வேலையாம். கருப்புத் திரையில் ஒரு வரி அடித்தாள். அது கேள்வி மேல் கேள்வி கேட்டது. அவள் எதையும் படிக்காமல், நெஞ்சில் சிலுவை போட்டு, ‘சரி’ என்றே தட்டினாள். என் கல்யாணத்தில் என்னிடம் ஒரு சம்மதம்கூடக் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பச்சைப் பெட்டி சுழன்றது.

“ஏளா, முத்து எங்க?” என்றேன், கூச்சத்தை விட்டு.

“புதுசா ஆரம்பிச்சா முதல்ல பெட்டிதான் வரும் ஆச்சி. முத்தை நாமதான் செய்யணும்.”

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கன்டெய்னர் பெட்டிகள் மலையாகக் கிடந்தன. “கப்பல் கம்பெனியில பெட்டிக்கா பஞ்சம்?”

அதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது. “முத்து உள்ள இருக்குன்னு சொல்லிருதேன்” என்று சிரித்தபடி இறங்கினாள்.

கம்பெனி நம்பியதோ என்னவோ, நான் நம்பிவிட்டேன்.