அம்புக்குறிக்கு எதிராக ஓடிய பம்பு

என் அக்காவின் பிடிவாதம் கொஞ்சநஞ்சமில்லை. எட்டு வருஷம் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள், ஒருநாள் உதறிவிட்டுத் தனியாகப் பம்பு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். முதல் வாடிக்கை, நான் இஸ்திரி போடும் சலவைக்கூடம். இங்கே பெயர் கெட்டால் வேறு யார் கூப்பிடுவார்கள்? 

முந்தின நாள் மோட்டாருக்குப் பேரிங் மாற்றியிருந்தாள். மறுநாள் காலை பம்பு ஓடியது, ஆனால் மாடித் தொட்டியில் தண்ணீர் நூலாக விழுந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகள் குவிந்து கிடந்தன. மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"பம்பு பழசும்மா. பெருசா ஒண்ணு வாங்கணும். மத்தியானத்துக்குள்ள தண்ணி ஏறலன்னா பழைய பட்டறையக் கூப்பிட்டுடுவேன்."

"மத்தியானத்துக்கு இன்னும் நேரமிருக்கு சார்."

தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடிவால்வைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. குமிழி நிற்கும்வரை பம்புக்குள் தண்ணீர் ஊற்றினாள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் காற்று புகுகிறதா என்று பார்த்தாள்.

"காத்து உள்ள போனா என்னவாம்?" என்றேன்.

"உள்ள இருக்கிற சக்கரம் தண்ணிய வெளிப்பக்கமா வீசுது. வீசின இடத்துக்கு அடுத்த தண்ணி ஏறி வருது. காத்து பூந்தா வெறும் விசிறிடி."

எல்லாம் சரியாகவே இருந்தது. மோட்டாரை நிறுத்தி, அது சுற்றி ஓயும்வரை குனிந்து பார்த்தாள். முகம் செத்துவிட்டது. பம்பின் மேல் அம்புக்குறி ஒரு பக்கம் காட்ட, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. நேற்று பேரிங் போட்டு முடித்து வயர்களை மாற்றிக் கொடுத்தவள் இவளேதான்! தலைகீழாகச் சுற்றினாலும் இந்த வகைப் பம்பு கொஞ்சம் தண்ணீர் தள்ளும். அதுதான் ஏமாற்றிவிட்டது.

"அடிவால்வுல குப்பைன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்று காதைக் கடித்தேன். முறைத்தாள்.

மெயினை அணைத்து இரண்டு வயர்களை இடம் மாற்றிப் போட்டாள். மோட்டாரைப் போட்டதும் மேலே தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. விரிப்புகளை இயந்திரத்தில் போடத் தொடங்கினார்கள்.

"என்னதாம்மா ஆச்சு?" மேனேஜர் பழுதுப் பதிவேட்டைத் திறந்தார். முந்தைய பக்கங்களில் பட்டறைக்காரர்கள் வரிக்கு வரி 'பம்பு பழசு' என்றே எழுதி வைத்திருந்தார்கள்.

"நேத்து நான் வயர மாத்திக் குடுத்துட்டேன் சார். பம்பு நல்ல பம்பு."

அவர் பேனாவைப் பிடித்தபடி தயங்கினார். அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, 'மெக்கானிக் தவறு' என்று எழுதி, கீழே முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டாள். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"பின்கட்டுல இன்னொரு பம்பு இருக்கு," என்றார். "அதையும் பழசுன்னுதான் சொன்னாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"