டீக்கு முன்னால் ஒரு மணி நேரம்

ஸ்டேஷனில் எல்லோரும் அவளை மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ரயில் வருவதையும் போவதையும் அறிவிப்பது அவள் வேலை. ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு சுவிட்ச். அவள் குரலைக் கேட்டுத்தான் ஜனங்கள் பெட்டியைத் தூக்குவார்கள்.

போன மழைக்காலத்திலிருந்து அந்தக் குரலில் பஞ்சு அடைத்துக்கொண்டது. உடம்பு ஊதியது. வெயிலிலும் குளிரெடுத்தது. எந்தச் சத்தமும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். "வண்டி... இன்னும்..." என்று அவள் இழுத்து முடிப்பதற்குள் வண்டியே வந்து நின்றுவிடும்.

"அக்கா, நீங்க அறிவிக்கிறீங்களா, தாலாட்டு பாடுறீங்களா? பெஞ்சில பாதிப் பேர் தூங்குறாங்க," என்றாள் டிக்கெட் கவுண்டர்காரி.

ஸ்டேஷன் மாஸ்டர் சிரிக்கவில்லை. "புகார் வந்துகிட்டே இருக்கும்மா. கோடை முடியறதுக்குள்ள குரல் சரியாகலைன்னா உங்களைப் பார்சல் ஆபீசுக்குத்தான் மாத்தணும்."

மைக்கை விட்டால் தான் யார் என்றே அவளுக்குத் தெரியாது. டாக்டரிடம் ஓடினாள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, தைராய்டு மந்தமாகிவிட்டது என்றார் அவர். தினமும் காலையில், வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. பாதித் தூக்கத்தில் தலையாட்டிவிட்டு வந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளை டீயோடு எழுப்புவது கணவர்தான். பாலும் இஞ்சியும் கொதிக்கிற வாசனையில்தான் அவள் கனவுகள் முடியும். இப்போது சாசரில் அந்தச் சின்ன மாத்திரையும் சேர்ந்து வந்தது. வெறும் வயிறுதானே என்று முதல் வாய் டீயோடு விழுங்கினாள். வாரங்கள் மிதந்து போயின. பஞ்சு அப்படியே இருந்தது.

"மாத்திரையை எதோட போடுறீங்க?" மறுபடி சோதித்துப் பார்த்த டாக்டர் கேட்டார்.

"டீயோட."

"டீ, பாலெல்லாம் மருந்தை உடம்புல சரியா சேரவிடாதும்மா. வெறும் தண்ணியோட போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு டீ குடிங்க."

வீட்டில் கணவர் முகம் தொங்கிப்போனது. "அப்போ நான்தான் உன் குரலைக் கெடுத்தேனா?"

"நீங்க கெடுக்கல. உங்க டீ கெடுத்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

மறுநாள் வெறும் தண்ணீர் வந்தது. டீ இல்லாத அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். தெருவிளக்கு அணைந்தது. எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் மெல்ல இறங்கியது. அவர் அவள் கையைத் தொட்டுப் பார்த்து, "இன்னைக்குக் கொஞ்சம் சூடா இருக்கு," என்றார். பொய் என்று அவளுக்குத் தெரியும். தினமும் சொன்னார். ஏதோ ஒரு காலையில் அது பொய்யாக இல்லை.

குரல் மூடுபனி விலகுவதுபோல் மெதுவாகத்தான் வந்தது. கோடை முடிகிற சமயம் ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடிக்கு வெளியே கைகட்டி நின்றார். அவள் சுவிட்சை அழுத்தினாள். பழைய குரல் இல்லை, கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் வார்த்தைகள் தடுமாறாமல் நடந்து போயின. பிளாட்பாரத்தில் ஆட்கள் பெட்டிகளோடு எழுந்தார்கள்.

அவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "பார்சல் ஆபீசுக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடுறேன்மா."

"சரிங்க சார்," என்றவள், அடுத்த வண்டிக்கு மூச்சை இழுத்தாள்.