பின்கதவைத் தள்ளிப் பார்க்கிற மனிதர்

உள்ளங்கையால் ஒரு தள்ளு. பின்கதவு திறந்தால் பெருமூச்சு விடுவார். அதற்குப் பிறகுதான் பட்டறைக்காரருக்கு வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம். சரக்கு வாங்கப் போகிற இடத்திலெல்லாம் இதே கதைதான். "பின்கதவு வந்துட்டாருப்பா, டீ சொல்லு" என்று அவர் காதுபடவே கிண்டல் செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதற்கும் தைரியம் வேண்டுமே!

தலையணை, மெத்தை, திரைச்சீலை இவற்றை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்கு அனுப்பும் நிறுவனத்தில் அவருக்குக் கொள்முதல் வேலை. அவர்கள் பெட்டிகளில் 'மண்ணுக்கும் மனிதருக்கும் கேடில்லாமல் வாங்கியது' என்று பச்சை எழுத்தில் ஒரு வரி இருக்கும். இவர் நேரில் போய்ப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் அந்த வரியை ஒட்டுவார்கள்.

மகா பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் ஏற மாட்டார். குளியலறைக் கதவைச் சாத்துவாரே தவிர, செத்தாலும் தாழ்ப்பாள் போட மாட்டார். "உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு. பாட்டாவது பாடித் தொலைங்க, உள்ள ஆள் இருக்குன்னு தெரியட்டும்" என்பாள் மனைவி. பாடுவார். அதைக் கேட்பதற்கு அவர் தாழ்ப்பாளே போட்டிருக்கலாம். முதலாளி கூப்பிட்டாலோ சட்டை நனைந்துவிடும். "இந்த வயசுல வேலை போச்சுன்னா எவன் சேத்துக்குவான்?" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

போன வாரம் ஒரு தலையணைப் பட்டறைக்குப் போனார். தூக்கியெறிந்த பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கிப் பஞ்சாக்குகிறார்கள். சாயம் கிடையாது, கழிவுநீர் கிடையாது, கூலியும் நியாயம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததுமே வழக்கம்போலப் பின்கதவில் கை வைத்தார். அசையவில்லை. வெளியே பூட்டு.

"பூட்டியிருக்கே?"

"ஆமா சார். தெறந்து போட்டா தலையணைக்குக் கால் மொளச்சுடுது. சாவி என் வீட்ல பத்திரமா இருக்கு."

"தீ கீ பிடிச்சா?"

"வாயக் கழுவுங்க சார்!"

பெண்கள் வரிசையாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. முன்வாசல் பக்கம், பை ஒட்டும் இயந்திரத்தின் கம்பி சிவக்கச் சூடேறிக் கிடந்தது. அங்கே தீப்பிடித்தால் இவர்கள் எந்த வழியாக ஓடுவார்கள்? கடைசித் தையல் இயந்திரத்தில் இருந்த அம்மாள் தலையைத் தூக்காமலே, "எங்களுக்குப் பழகிப்போச்சுங்க" என்றாள். அந்தப் பேச்சுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

முதலாளிக்குப் போன் போட்டார்.

"யோவ், மறுபடியும் கதவா? உன்னைத் தலகாணி வாங்க அனுப்புனேனா, கதவு வாங்க அனுப்புனேனா? லாரி கெளம்பியாச்சு. சரின்னு சொல்லிட்டு வா. இல்லேன்னா வரவே வேணாம், போ!"

போனைப் பையில் போட்டார். வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாம் கண்முன் வந்து நின்றன.

பட்டறைக்காரர் அவர் தோளைத் தொட்டார். "வாங்க சார், வெளிய காத்தாட உக்காந்து பேசுவோம்."

வெளியே! முன்வாசலில் வெயில் தெரிந்தது. கால்கள் அவரைக் கேட்காமலே அந்தப் பக்கம் நகர்ந்தன. பாதி வழியில் நின்றார். கம்பியைப் பார்த்தார், தைப்பவர்களைப் பார்த்தார். திரும்பினார். ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு போய், வாசலுக்கு வெகு தூரத்தில், அந்தப் பூட்டிய கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"சாவி வரட்டுங்க. அதுவரைக்கும் நானும் உள்ளதான்."

தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் சட்டைப்பையில் போன் விடாமல் அடித்தது. எடுக்கவில்லை, எடுக்கக் கை ஒழியவில்லை. உதறுகிற முழங்கால்களை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.