மூன்றை மட்டும் நீக்கச் சொன்னார்

போர்ட் பிளேரில் கப்பல் ஏறிய அன்றே தலைமை விஞ்ஞானி ராகவனிடம் சொல்லிவிட்டேன்: கப்பலின் லேப்புக்குள் கடல்நீர் பிடிக்கும் என் பாட்டில்கள் வரக் கூடாது. முந்தைய பயணத்தில் வேறொரு குழு அங்கே கார்பன்-14 கரைசலைக் கையாண்டிருந்தது. கடலின் நுண்பாசி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க அதைத் தண்ணீரில் கலப்பார்கள். அதில் ஒரு துளி ஒட்டினாலும் போதும், கடல்நீரில் இயற்கையாக இருக்கும் கார்பன்-14 அதில் மூழ்கிப் போகும்.

"சோப்புப் போட்டுக் கழுவியாச்சும்மா. கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் பயந்தா கப்பல் நகராது," என்றார் ராகவன்.

திறந்த டெக்கிலேயே நீர் பிடிப்பது, பாட்டில்களை நிரப்ப நான் கொண்டுவந்த குழாயை மட்டும் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. அவரும் தலையாட்டினார்.

நாங்கள் தேடிப் போனது அந்தமான் கடலின் அடிநீர். காற்றைத் தொடும்போது நீர் கார்பன்-14 வாங்கிக்கொள்ளும். ஆழத்துக்குப் போனபின் அது தேயத்தான் செய்யும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால், அந்த நீர் மேல்மட்டத்தை விட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கிடலாம். கடலடிப் படிவுகளில் கிடைக்கும் நுண்ணுயிர் ஓடுகளை வைத்துப் பழங்கால நீரோட்டத்தை ஆராய்பவர்களும் இன்றைய எண்ணோடுதான் ஒப்பிடுவார்கள். இது பிழையானால் அதுவும் பிழை.

ஆழமான நீர் மேலே வரும் முன்பே என் வேலைமுறையான வாட்ச் முடிந்தது. குழாயை அடுத்த வாட்ச்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். எழுந்து வந்தபோது கம்பிவடத்தை இழுக்கும் வின்ச்சை இயக்கும் காதர் வழிமறித்தார்.

"தீதி, கோவப்படாதீங்க. பாரிஷ் பிடிச்சிருச்சு, நல்ல மழை. ராகவன் சாப் எல்லாத்தையும் லேப்புக்குள்ள கொண்டுபோகச் சொல்லிட்டாரு."

"என் குழாய்?"

"அது இங்கேயே தொங்குது பாருங்க. உள்ள கிடந்த பைப்புலதான் பிடிச்சாங்க. நான் சொன்னேன். 'தும் வின்ச் தேக்கோ', நீ உன் வின்ச்சைப் பாருன்னுட்டாரு."

பன்னிரண்டு பாட்டில்களும் அந்தப் பழைய குழாய் வழியாக நிரம்பியிருந்தன.

மாதங்கள் கழித்து மேன்லேண்ட் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. மூன்று பாட்டில்களின் அடிநீரில், இன்றைய காற்றில் இருப்பதைவிட அதிகக் கார்பன்-14. அவ்வளவு ஆழத்தில் அப்படி நடக்க வழியே இல்லை.

ராகவன் போனில் சிரித்தார். "மூணுதானே? அவுட்லையர்னு, ஒட்டாத எண்ணுன்னு தூக்கிடுங்க. மீதி ஒன்பது அழகா வருது."

"அதுவும் அதே பைப்புல பிடிச்சதுதான் சார். நிறைய ஒட்டினது மூணுல தெரிஞ்சிருச்சு. கொஞ்சமா ஒட்டியிருந்தா, தண்ணிக்கு வயசு குறைவாக் காட்டும். பார்க்க நம்பற மாதிரிதான் இருக்கும்."

"திரும்பக் கப்பல் எப்பக் கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"லேப்புக்குள்ள கொண்டுபோகச் சொன்னப்ப உங்களுக்குத் தெரியலையா சார்?"

அதன்பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. பன்னிரண்டும் செல்லாது என்று அளந்த ஆய்வகத்துக்கு நானே எழுதினேன். கட்டுரை நின்றது. ஒரு மழைக்கு நனையாமலிருக்க ஒரு கடலின் அடிநீரைப் பாழாக்கியவர், கூட்டங்களில் என்னைப் பிடிவாதக்காரி என்கிறார்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். எண்ணின் அழகைப் பார்க்காதீர்கள், தண்ணீர் வந்த வழியைப் பாருங்கள். வழி கெட்டிருந்தால் உங்களுக்குப் பிடித்த ஒன்பதையும் சேர்த்தே தள்ளிவிடுங்கள்.