கையைப் பிடிக்க வந்தவள்

புண்ணுக்குக் கட்டுப் போடுவதில் அந்த நர்ஸை மிஞ்ச ஆளில்லை. பழைய கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துப் புதுக்கட்டுப் போடுவது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். ஆஸ்பத்திரியில் அவளுக்கு மின்னல் சிஸ்டர் என்றே பெயர். கூட வந்தவர்களைக் காவலாளி வாசலிலேயே நிறுத்திவைப்பார். இவளோ, "கூட வந்தது யாரு? உள்ள வந்து கையைப் பிடிச்சுக்குங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கட்டைத் தொடுவாள். வலியில் மயங்கிச் சரிகிறவர்களைத் தாங்க அவளுக்கென்ன நாலு கையா இருக்கிறது?

ஆள் கடத்தல் பற்றி நர்ஸ்களுக்குப் பயிற்சி என்றதும் தலையில் அடித்துக்கொண்டாள். கடத்துகிறவன் கட்டுப்போட வருவானா என்று புருஷனிடம் புலம்பிவிட்டுப் போய், கடைசி வரிசையில் கண் சொக்க உட்கார்ந்திருந்தாள். பயிற்சி கொடுத்தவர் சொன்ன ஒன்று மட்டும் சுருக்கென்று தைத்தது. வேலைக்கென்று அழைத்துவந்து அடைத்துவைத்தவர்களையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவார்களாம். ஆனால் தனியாகப் பேச விடமாட்டார்களாம். கேட்கிற கேள்விக்கெல்லாம் கூட வந்தவரே பதில் சொல்வாராம்.

போன வாரம் கையில் எண்ணெய் கொட்டி வந்த பெண் நினைவுக்கு வந்தாள். பெயர், வயது, எங்கே வலிக்கிறது என்பதுவரை எல்லாம் சித்தி என்று கூட வந்தவள்தான் சொன்னாள். என்ன பொறுப்பான சித்தி என்று மெச்சி வேறு அனுப்பியிருந்தாள் இந்த மகராசி. கட்டு மாற்ற வரச் சொல்லியிருக்கிறாளே, வருவாளா? அன்றிலிருந்து வாசலில் நிழலாடினாலே கட்டைப் பாதியில் விட்டு எட்டிப் பார்த்தாள்.

வந்தாள். சித்தியின் கை அவள் தோளை விடவேயில்லை. விரல் வீங்கியிருக்கிறது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அந்த அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்று ஒரு பொய்யைக் கூசாமல் சொன்னாள் மின்னல் சிஸ்டர். சித்தியின் முகம் கடுகடுத்தது. ஆனாலும் எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் பார்த்து வெளியே நின்றுவிட்டாள்.

கதவைச் சாத்தியதும் சிஸ்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவங்க உனக்கு நிஜமாவே யாரும்மா? உனக்கு இஷ்டமில்லாம நான் எதுவும் செய்யமாட்டேன்."

பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருமில்ல. வேலைன்னு கூட்டிட்டு வந்து பூட்டி வச்சிருக்காங்க. போன தடவையே சொல்லலாம்னு வாயைத் திறந்தேன் சிஸ்டர். அவங்க வெளியதான் நின்னாங்க. நீங்கதான் கையைப் பிடிச்சுக்கச் சொல்லி உள்ள கூப்பிட்டீங்க."

வெளியேயிருந்து கதவைத் தட்டி, இன்னும் முடியலையா என்று சித்தி கேட்டாள். நேரமாகும், உட்காருங்கள் என்று மின்னல் சிஸ்டர் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். இப்படி அடைபட்டவர்களுக்கு உதவ ஆஸ்பத்திரியில் இருக்கும் அலுவலரைக் கூப்பிடட்டுமா என்று பெண்ணிடம் கேட்டாள். அவள் தலையாட்டினாள்.

போனை எடுத்தபடியே பெண்ணின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்டு நடுங்கியது. போன வாரமும் இப்படித்தான் நடுங்கியிருக்கும். இவள் பிடித்துப் பார்த்திருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்.